குடிபோகிற அடி

புறக்கோட்டை, கொழும்பு
12.08.2024

அன்பு மச்சான் ஆண்டியப்பா,

நான் சுகம். உன் வீட்டில் லோஜினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகன் துணை. போனில் பேசினால் வரிசை வீட்டு லயத்துச் சுவருக்கெல்லாம் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தேயிலைத் தோட்டத்துத் தலைவர் மயில்வாகனம் டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம், தேறமாட்டாராம். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

லயத்துக்குப் பின்னால் கல்லும் முள்ளுமாகக் கிடந்த மேட்டை நாம் இரண்டு பேரும் வெட்டித் திருத்தி லீக்ஸ் பயிர் போட்டோம். தோட்டத்துத் துரையும் அதை வீடு கட்ட நமக்கே தருவதாக இருந்தார். "தப்படிக்கிறவனுக்குக் கோயில் பாதையில வீடு கேக்குதோ" என்று தடுத்து, தன் மகன் நிரோஷனுக்கு வாங்கிக் கொடுத்தவர் இவர்தானே. நம் லீக்ஸைப் பிடுங்கிப் பாதையில் எறிந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அவர் சாவுக்கு நீ தப்பு மேளம் அடிக்கக் கூடாது. நம்மை விட்டால் தோட்டத்தில் சாவு அடி யாருக்குத் தெரியும்? ஊமையாகப் போகட்டும்.

பட்டிப்பொலப் பக்கம் ஒரு துண்டு நிலம் குத்தகைக்கு வரும்போல் இருக்கிறது. நம் இரண்டு குடும்பத்துக்கும் போதும். சொந்த வீட்டுக்குக் குடிபோகிற நாளில் அடிக்கவென்று தப்பில் நாமே ஒரு புது அடி கட்டி, யார் காதிலும் போடாமல் வைத்திருக்கிறோமே, அதைத்தான் இங்கே மூட்டை தூக்கும் நேரம் போக விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்கிறார்கள்.

உன் அன்பு மச்சான்,
நல்லமுத்து


அக்கரப்பத்தனை
28.08.2024

அன்பு மச்சான்,

தலைவர் போன வெள்ளிக்கிழமை செத்துப்போனார். நீ சொன்னபடி போகக் கூடாது என்றுதான் இருந்தேன். நிரோஷன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். இத்தனை வருசத்தில் அதுதான் முதல் தடவை. "அப்பாவ சத்தமில்லாம கொண்டுபோக வேணாம்ண்ணே" என்றான். எனக்கு இரக்கம் வரவில்லை, வேறொன்று தோன்றியது. தப்பைத் தீயில் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன்.

பாடையை நம் மேட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள். அங்கே இப்போது நிரோஷன் வீடு நிற்கிறது. அதைப் பார்த்ததும் சாவு அடியை விட்டு நம் குடிபோகிற அடியை எடுத்தேன் மச்சான். குழி வரைக்கும் அதுதான். அவர் பொணத்துக்கு முன்னால் நான் விசேஷம் கொண்டாடினேன், ஒருவருக்கும் விளங்கவில்லை. புது அடி என்று விசிலடித்து ஆடினார்கள். நிரோஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நன்றாக அழட்டும் என்று விட்டேன்.

இப்படி ஒரு பழியை நீகூட யோசித்திருக்க மாட்டாய். பார்க்க நீ இல்லாததுதான் குறை. லோஜினி மட்டும் கண்டுபிடித்துவிட்டாள், நாம் ரகசியமாகத் தட்டிப் பழகியதை எப்போதோ கேட்டிருப்பாள் போல. அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பட்டிப்பொல விசயம் என்ன ஆனது? உடனே எழுது.

ஆண்டியப்பன்


புறக்கோட்டை
10.09.2024

ஆண்டியப்பனுக்கு,

லோஜினிக்கு விளங்கியது உனக்கு விளங்கவில்லை.

மயில்வாகனம் நம் மேட்டைத்தான் எடுத்தார். மிச்சமிருந்த ஒன்றை நீயே கொண்டுபோய் அவர் பாடைக்கு முன்னால் கொட்டிவிட்டாய். இனி தோட்டத்தில் அது தலைவர் சாவுக்கு அடித்த அடி. அடுத்த சாவுக்கும் அதையே கேட்பார்கள், நீயும் அடிப்பாய். நிரோஷன் அழுதது உனக்குப் பெரிதாகிவிட்டது. எனக்கு அந்த மனுசன் செத்தும் ஜெயித்ததுதான் தெரிகிறது.

நேற்று மூட்டை மேல் விரல் தானாகத் தட்டத் தொடங்கியது. கண்ணுக்குள் பாடை வந்தது. கையை மடக்கிக்கொண்டேன்.

பட்டிப்பொல நிலம் அமைந்துவிட்டது. என் பேரில் மட்டும் எழுதச் சொல்லிவிட்டேன். லோஜினியும் பிள்ளைகளும் எப்போது வந்தாலும் அங்கே சோறு உண்டு.

குடிபோகிற நாளை உனக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் தப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாய். எந்த அடியை அடிப்பாய்?

நல்லமுத்து