சிவப்பு முத்திரை விழுந்த ஜெபநோட்டு

மார்ச் 9, புதன்
சோளரொட்டி, பீன்ஸ். ஜெபக்கூட்டத்துக்கு எட்டுப் பேர். ஜெபநோட்டில் மூன்று விண்ணப்பங்கள். இடப்பக்கம் கேட்ட தேதி, வலப்பக்கம் பதில் வந்த தேதி. பத்தொன்பது வருடமாக ஒரு நாள் விட்டதில்லை.

கம்பளச் சாயத் தொழிற்சாலை மேல் வழக்குப் போட்ட ஓடைக்கரைக் குடும்பங்களின் வக்கீல், ப்ரூயிட் அம்மாள் வந்தார். அங்கே கழிவு வண்டி ஓட்டியவர் என் வீட்டுக்காரர் ஹோலிஸ்தான். சாட்சி சொல்ல வேண்டுமாம்.

“வாயைத் திறந்தா என்னைத்தானே உள்ள தள்ளுவாங்க?” என்றார் ஹோலிஸ்.

“நீதிபதியே உத்தரவு போட்டிருக்கார் சார். இந்த வழக்கை விட்டு ஒரு எழுத்து வெளியே போகாது.”

மார்ச் 10
காபி ஊற்றும்போது சொன்னேன்: “அந்தத் தண்ணியைக் குடிச்சது பிள்ளைங்க, ஹோலிஸ். நீதிபதி கையெழுத்துப் போட்ட பிறகு என்ன பயம்? உண்மையைச் சொல்லிடுங்க.”

காபி ஆறியது. தலையாட்டினார்.

மார்ச் 24
எல்லாம் சொல்லிவிட்டார், சூப்பர்வைசர் கழிவை ஓடையில் ஊற்றச் சொன்னது உட்பட. ஊற்றிய தேதிகளைக் கேட்டார்களாம். “என் பெண்டாட்டியைக் கேளுங்க. ஒவ்வொரு தடவையும் எனக்காக ஜெபம் பண்ணி எழுதி வச்சிருக்கா” என்றாராம், பெருமையாக.

ஏப்ரல் 4
ஜெபநோட்டை வழக்குக்காகக் கொடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் ‘ரகசியம்’ என்று சிவப்பு முத்திரை. மனசு நிம்மதி.

மே 20
தொழிற்சாலை சமரசத்துக்கு வந்தது. ஓடைக்கரைக்குக் குழாய்த் தண்ணீர். புது நோட்டில் வலப்பக்கம் தேதி போட்டேன். ஸ்தோத்திரம்.

ஜூன் 15, புதன்
ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை.

அரசு வழக்கறிஞர், குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி மூலம் ஹோலிஸின் வாக்குமூலத்தையும் என் நோட்டையும் வாங்கிவிட்டார். எங்களுக்கு இப்போது தனி வக்கீல், டோலிவர்.

“ரகசியம்னு முத்திரை குத்தினாங்களே தம்பி?”

“அது அந்த வழக்குல இருந்தவங்களைத்தாம்மா கட்டும். கிராண்ட் ஜூரி கேட்டா இந்தப் பக்கத்துக் கோர்ட்டுகள்ல அந்த உத்தரவு நிக்காது.”

“அப்ப நீதிபதி எழுதினது?”

டோலிவர் கோப்பை மூடினார். பிறகு ஹோலிஸைப் பார்த்து, “பேசாம இருக்க உங்களுக்கு உரிமை இருந்துச்சு. அந்த சூப்பர்வைசர் வாயே திறக்கல பாருங்க. உங்களை யாரு பேசச் சொன்னது?” என்றார்.

மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யாரும் சொல்லல” என்றார் ஹோலிஸ்.

ஜூன் 16
நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 3
குற்றப்பத்திரிகை வந்தது. சூப்பர்வைசர் பெயர் இல்லை. நான்காம் பக்கத்தில் என் வரி, தட்டச்சில்: ‘ஆண்டவரே, இன்று அவர் ஓடையில் ஊற்றியதை மன்னியும்.’ கீழே தேதி. என்னுடைய தேதி.

புருஷனுக்கு எதிராக மனைவி சாட்சி சொல்ல வேண்டியதில்லையாம். அதுதான் நோட்டு சொல்லிவிட்டதே — நான் எதற்கு?

ஹோலிஸ் படித்துவிட்டு, “பாத்தியா, மேல இருந்து வர்றதுக்கு முன்னாடி கவர்ன்மெண்டு பதில் போட்டுடுச்சு” என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை நிற்கவில்லை. கேட்டது அவருக்காகத்தானே? ஆண்டவரைத் தவிர வேறு யாருக்காவது எழுதினேனா?

பிப்ரவரி 8, புதன்
பதினெட்டு மாதம் சிறை. திங்களன்று நானே காரோட்டிக் கொண்டுபோய் விட்டேன். வாசலில் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார்.

ஜெபக்கூட்டத்தில் பாஸ்டரின் மனைவி ஐடெல்லா, “உன் விண்ணப்பம் என்னடி? சொல்லு, எழுதிக்கிறேன்” என்றாள்.

“எழுத வேண்டாம், ஐடெல்லா.”

பேனாவை மூடி வைத்தாள்.

இனி இதிலும் சமையல், வானிலை மட்டும். இன்று மழை. சோளரொட்டிக்கு மாவு பாதி அளவு போதுமாக இருந்தது.