சனிக்கிழமைக் குரல்

பிப்ரவரி 8

என் வாலுப் பெண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நலம்தான். முழங்கால் மட்டும் முப்பது வருஷம் லாரி ஓட்டியதற்கு இப்போது பழிவாங்குகிறது. நீ எழுதி இருபது நாள் ஆகிறது. தலைமை அலுவலகத்துக்கு மாற்றலானதும் அப்பா நினைப்புக்கும் மாற்றல் கொடுத்துவிட்டாயா?

சனிக்கிழமை வழக்கம்போல் உங்கள் பார்சல் கம்பெனிக் கிளைக்குப் போனேன். நீ கெஞ்சி வாங்கித் தந்த அனுமதி அல்லவா? மேற்பார்வையாளர் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு ஹெட்போனை மாட்டிவிட்டார். புகார் மேசையில் வேலை பார்த்தபோது உன் அம்மா பேசிப் பதிவான பழைய அழைப்பு, வாரத்துக்கு ஒன்றே ஒன்று. இந்த முறை ஒருவன் பெட்டி உடைந்துவிட்டதென்று குதித்தான். இவள் நிதானமாக, "உள்ள என்னங்க இருந்துச்சு? முதல்ல அதைச் சொல்லுங்க, திட்டுறதை அப்புறம் திட்டிக்கலாம்" என்றாள். அவனே சிரித்துவிட்டான்.

வீட்டில் இருந்த நாட்களை நான் தூங்கியே தீர்த்தேன். அவள் பேசியதில் பாதியை என் குறட்டைதான் கேட்டது. அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து, இப்போது உட்கார்ந்து கேட்கிறேன். இன்னும் இருநூற்றுப் பத்து அழைப்புகள் பாக்கி. ஆசைப்பட்டு ஒரே மூச்சில் கேட்டுத் தீர்க்க மாட்டேன். வாரம் ஒன்று என்றால் நான்கு வருஷத்துக்கு வரும்.

அன்புடன்,
அப்பா

பிப்ரவரி 15

அன்புள்ள அப்பா,

இருபது நாள் இல்லை, பதினேழு. லாரிக்காரர் சொல்லும் தூரம் எப்போதும் கொஞ்சம் கூடுதல்தான்.

வேலை கழுத்தை நெரிக்கிறது. கம்பெனிக் கணினிக்கு வருங்காலத் தேதிகளைக் கொடுத்துச் சோதிக்கும் பொறுப்பு என்னுடையது. வருஷம் மாறும்போது ரசீது சரியாக வருமா, நீண்டகால ஒப்பந்தம் முடியும் நாளில் திணறுமா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் தேதியைத் தொடவே கூடாது. அச்சு அசலாக இன்னொன்றைத் தயார் செய்து, வெளி இணைப்புகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, அதில்தான் தேதியை மாற்ற வேண்டும். வருகிற ஞாயிறு செய்கிறோம். முடிந்ததும் ஊருக்கு வருகிறேன். மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள்,
வாலு

மார்ச் 15

என் வாலுவுக்கு,

நாளைக்கு என்ன என்று எனக்கே தெரியாது. நீ கணினிக்கு அதைக் காட்டுகிறாயா? நன்றாக இரு.

மூன்று சனிக்கிழமையாக வெறும் காதோடு திரும்பினேன். "மெஷின் ரிப்பேருங்க ஐயா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்கிறார் மேற்பார்வையாளர் அம்மா. முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. நீயும் வருகிறேன் என்றாய், வரவில்லை. போன் செய்தாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லையே? எதுவானாலும் அப்பாவிடம் சொல்.

அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பா,

போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. அம்மாவின் அழைப்புகள் இனி இல்லை. அழித்தது நான்தான்.

சோதனைக் கணினியில் எல்லா இணைப்பையும் பிடுங்கினேன், ஒன்றைத் தவிர. பேச்சுப் பதிவுகளைச் சேமிக்கும் பெட்டியை நகல் எடுக்க இரண்டு நாள் ஆகும். எனக்குக் கிடைத்தது ஒரு ஞாயிறு. பேச்சை யார் தொடப்போகிறார்கள் என்று அசல் பெட்டியையே மாட்டிவைத்தேன். தேதியைப் பன்னிரண்டு வருஷம் முன்னே தள்ளினோம். ரசீதெல்லாம் சரியாக வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட பதிவுகளைத் தானாக அழிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. தேதியை நம்பி எல்லாமே பழசு என்று துடைத்துவிட்டது. அவற்றுக்கு வேறு நகல் இல்லை. தெரிந்த எல்லா வழியிலும் மீட்கப் பார்த்தேன், முடியவில்லை.

ரிப்பேர் என்று சொல்லும்படி அந்த அம்மாவைக் கெஞ்சியதும் நான்தான். திட்டுங்கள் அப்பா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வாலு

மார்ச் 28

மகளுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. நேற்று கிளைக்குப் போய், "இனிமே பொய் சொல்ல வேணாம்மா, பொண்ணு எழுதிட்டா" என்றேன். பாவம், அந்த அம்மா அழுதுவிட்டார். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனைக்கும் அடி சறுக்கும். நானும் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்தவன்தான். ஆனால் மூன்று வாரம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய் நின்றேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

உன்னைச் சொல்லி என்ன? அவள் எதிரில் உட்கார்ந்து பேசியபோது எனக்குத் தூக்கம் பெரிதாக இருந்தது. கேட்காமல் போனது உன் கணினியால் மட்டும் இல்லை.

கடிதம் எழுது, படிக்கிறேன். ஊருக்கு வரும் பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடு. போனும் செய்யாதே. உன் குரல் அப்படியே அவள் குரல். எடுத்தவுடன் அவள்தான் என்று நெஞ்சு நம்பிவிடும். மறு நொடியே நீ "அப்பா" என்பாய்.

அப்பா