பிஷப்புக்கு இருபத்தைந்து கிராம்

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பிஷப்பைக் கூடையில் போட்டு ஆட்டோவில் சரஸ்வதிபுரம் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். ஆறு கிலோ எண்ணூறு. நம்பாமல் இரண்டாம் தரமும் எடை போட்டார். விலாவைத் தடவிப் பார்த்து, எலும்பே கைக்கு அகப்படவில்லை, ஐந்து கிலோ இருக்கவேண்டிய உடம்பு இது என்றார். வீட்டை விட்டு வெளியே போகாத பூனை, தட்டு எப்போதும் நிறைந்திருந்தால் வேறென்ன ஆகும் என்று கன்னடத்தில் திட்டினார். சர்க்கரை விளிம்பில் நிற்கிறதாம். செப்டம்பருக்குள் எடை இறங்காவிட்டால் தினம் ஊசி. அதற்காகப் பட்டினியும் போடக்கூடாது, ஈரல் கெட்டுவிடும். காலை இருபத்தைந்து கிராம், மாலை இருபத்தைந்து. அளக்க ஒரு சின்னக் கோப்பையும் கொடுத்தார், விளிம்புவரை நிரப்பினால் இருபத்தைந்து.

காலை நான், மாலை ஜோவிதா என்று பிரித்துக்கொண்டோம். மூன்று கிலோ புதுப் பாக்கெட்டைப் பிரித்து டின்னில் கொட்டியாயிற்று. ஜோவிதா என் தங்கை. புருஷன் வேண்டாமென்று பெங்களூரிலிருந்து பிப்ரவரியில் ஒரு பெட்டியோடு வந்தாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அவள் என் பூனையோடு இருக்கிறாள்.

என் பூனை. ஐந்து வருஷம் முன்னால் அக்ரஹாரத்துச் சாக்கடை ஓரத்தில் கண் திறக்காமல் கிடந்தது. எடுத்து வந்து பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்தவள் நான். கறுப்பு உடம்பு, கழுத்தில் மட்டும் வெள்ளை, நடையில் ஒரு கனம். பெயர் வைத்தவளும் நான்தான்.

ஜூன் 17

கோப்பையின் விளிம்போடு நிறுத்த மனம் வரவில்லை. மேலே கொஞ்சம் குவித்துப் போட்டேன். சோற்றுக்கு அரிசி அளக்கும்போது படியின் தலையைத் தட்டினால் அம்மா கையைப் பிடித்துக்கொள்வாள், வீட்டில் இருக்கிறவர்களுக்கா தலை தட்டுவது என்று. கோப்பை ஒன்றுதானே. ஒன்று என்றால் ஒன்று.

ஜூன் 27

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் ஜோவிதாவின் மேசைக்கடியில், அவள் பாதத்தின்மேல் படுத்திருக்கிறான். என்னைப் பார்த்து ஒரு காதை மட்டும் திருப்பினான்.

ஜூலை 2

தினமும் காலை ஐந்து மணிக்கு என் கதவைப் பிறாண்டுகிறான். அவள் கதவை இல்லை, என் கதவை. இன்றும் டின்னைத் திறந்து ஒரு பிடி போட்டேன். சின்னப் பிடிதான். கணக்கில் வராது.

ஜூலை 6, ஞாயிறு

ஆறு கிலோ தொள்ளாயிரம். ஏறியிருக்கிறது. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், நான் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. வீட்டில் வேறு யாராவது கொடுக்கிறார்களா என்று கேட்டார்.

வேறு யாராவது.

ஜூலை 13, ஞாயிறு

இன்று பூசைக்குப் பிறகு பங்குக் கோயில் வாசலில் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜோவி எப்படி இருக்கே, இளைச்சுட்டியே ஜோவி. நான் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் இளைக்கவும் இல்லை.

எழுதிவிடுகிறேன், இங்கே யார் படிக்கப் போகிறார்கள். அப்பா படுக்கையில் கிடந்த பதினான்கு மாதமும் கஞ்சி ஊட்டியது நான், துடைத்தது நான், பாத்திரம் வைத்து எடுத்தது நான். கடைசி வாரம் கண்ணைத் திறந்து, ஜோவி வந்துட்டாளா என்றார். அவள் வந்தாள். ஒரு மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் முகம் மலர்ந்ததே — என்ன செய்தாள் அவள்? என்னதான் செய்தாள்?

இப்போது இவனும். போன தசராவுக்கு முன்னால் அரண்மனைப் பக்கம் யானைகளை வெடிச் சத்தத்துக்குப் பழக்கும் பீரங்கி ஒத்திகை நடந்தபோது இவன் என் புடவைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கினான். இந்த வருஷம் யார் மடிக்கு ஓடுவான்?

அவள் ஏதோ கொடுக்கிறாள். நான் இல்லாதபோது கொடுக்கிறாள். இல்லாமல் எப்படி?

ஜூலை 16

வேண்டுமென்றே அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானமே வந்தேன். தட்டு காலி. அவள் போனில் யாரிடமோ வேலை பேசிக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலியின் முதுகில் தொங்கிய அவள் துப்பட்டாவின் நுனியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். என்னோடு ஒருநாளும் அப்படி விளையாடியதில்லை.

ஜூலை 25, வெள்ளி

நேற்றோடு பாக்கெட் காலி. மூன்று கிலோ. ஒரு நாளைக்கு ஐம்பது என்றால் அறுபது நாள் வரவேண்டும். நாற்பதில் முடிந்துவிட்டது. மூவாயிரத்தை நாற்பதால் வகுத்தால் எழுபத்தைந்து. தினம் இருபத்தைந்து கிராம் கூடுதலாகப் போகிறது. ஒரு தாளில் படிப்படியாக எழுதி, விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, மாலை அவள் முன்னால் வைத்தேன்.

"நான் இல்லாதப்போ குடுத்துக் குடுத்து அவன உன் பக்கம் இழுத்துக்கிட்டே. அப்பாவையும் இப்படித்தான் இழுத்துக்கிட்டே." அப்பாவைச் சொல்ல நினைக்கவே இல்லை. வாயில் வந்துவிட்டது.

அவள் தாளை முழுக்கப் படித்தாள். எழுந்து போய், கேக் செய்வதற்காக வாங்கிவைத்திருந்த சின்ன மின் தராசைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். புதுப் பாக்கெட்டைப் பிரித்தாள்.

"காலைல நீ போடற மாதிரியே போடு அக்கா."

போட்டேன். எப்போதும் போலத்தான் போட்டேன். முப்பத்தெட்டு.

கத்தியின் முதுகால் கோப்பையின் தலையை வழித்தாள். இருபத்தைந்து. மேசையில் உருண்ட தீனியை பிஷப்பு வந்து நிதானமாகத் தின்றான்.

"அஞ்சு மணிக்குப் போடறியே, அதையும் போடு."

டின் மூடி திறக்கிற சத்தம் அவள் அறைக்குக் கேட்டிருக்கிறது. தினமும் கேட்டிருக்கிறது. ஒரு பிடி போட்டேன். பன்னிரண்டு.

"உன்னோடது அம்பது. என்னோடது இருபத்தஞ்சு. ஆய்த்தா, சரியாப் போச்சா அக்கா?"

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சொன்னா, ஓசில வந்து உக்காந்துக்கிட்டு எனக்கே பாடம் எடுக்கறியான்னு கேப்பே. இது உன் வீடு. உன் பூனை."

விடையில் அலகு எழுத மறந்தால் பிள்ளைகளுக்கு அரை மதிப்பெண் குறைக்கிறவள் நான்.

ஜூலை 26

அவள் கொடுக்கவே இல்லை. அளந்ததற்குமேல் ஓர் உருண்டைகூடக் கொடுக்கவில்லை. அப்படியும் அவன் அவளிடம் போகிறான். அவள் திருட்டுத்தனமாகக் கொடுத்திருந்தாலே தேவலை. வயிறு எரிகிறது.

ஜூலை 28

குவெம்பு நகரில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம், போனில் விசாரித்துக்கொண்டிருந்தாள். பீரோமேல் இருந்த அவள் பெட்டி கீழே இறங்கி அவள் கட்டிலருகே நிற்கிறது.

போகட்டும் என்று நினைத்தேன். அவள் போனால் அவன் எனக்குத்தான் என்று அடுத்த நொடியே நினைத்தேன். சீ. என்ன மனுஷி நான்?

அன்று அவள் சொன்னதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இது உன் வீடாம். அவள் பிறந்ததும் இந்த வீட்டில்தானே?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தராசைக் கேட்டு வாங்கினேன். கத்தியால் வழித்து அளந்தேன். கை கூசியது. தட்டில் பார்த்தால் எவ்வளவு கொஞ்சம். பிஷப்பு முகர்ந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4

ஐந்து மணிக்குப் பிறாண்டல். கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஜோவிதா எழுந்து வந்து கதவைத் தட்டி, கையில் ஒரு ரிப்பனைக் கொடுத்தாள். "அவனுக்குப் பசி இல்லக்கா. போரடிக்குது, அஷ்டே, அவ்ளோதான்." சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

ஹாலில் ரிப்பனை இழுத்துக்கொண்டு நடந்தேன். நாற்பத்தாறு வயதில், நைட்டியோடு. மூன்றாவது சுற்றில் பாய்ந்து பிடித்தான்.

ஆகஸ்ட் 10

ஜோவிதா குளிக்கப் போன நேரத்தில் ஸ்டூல் போட்டு அவள் பெட்டியைத் திரும்ப பீரோமேல் ஏற்றிவைத்தேன். உள்ளே துணிமணி எல்லாம் இருந்தது. தோள் வலிக்கிறது. அவள் வந்து பார்த்தாள். ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆறு அறுநூறு. மெதுவாக இறங்குவதுதான் நல்லது என்றார் டாக்டரம்மா.

இன்னும் அவள் காலடியில்தான் படுக்கிறான். எனக்கு இன்னும் எரிகிறது. கொஞ்சம் குறைவாக.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆறு முந்நூற்றைம்பது. சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஊசி வேண்டாம். ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஜோவிதா ரோட்டில் இல்லாத எதையோ பார்ப்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

செப்டம்பர் 15

இன்று பீரங்கி ஒத்திகை. நான் சீக்கிரமே வந்து கட்டிலில் சம்மணம் போட்டு, புடவையை விரித்து உட்கார்ந்தேன். ஜோவிதா கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி மடியைக் காலியாக வைத்துக்கொண்டாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முதல் வெடி. சமையலறையிலிருந்து ஓடி வந்தான். என்னைத் தாண்டினான். அவளைத் தாண்டினான். தையல் மிஷின்மேல் ஒரு தாவல், அங்கிருந்து பீரோமேல். இரண்டு வருஷமாக அவனால் ஏற முடியாத இடம். ஜோவிதாவின் பெட்டிமேல் ஏறி, சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

ஜோவிதா சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு நானும். அவன் அவளிடமும் போகவில்லை என்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே ஏன் மறைக்கவேண்டும்? அவளுக்கும் அதே சந்தோஷம் இருந்திருக்கும். அவள் முகத்தில் பார்த்தேன்.

மாலைத் தீனி அவள் முறை. தராசில் வைத்து, தலையை வழித்து, கோப்பையை என்னிடம் நீட்டி, நீயே கூப்பிடு என்றாள். கூப்பிட்டேன். இறங்கவில்லை. குவெம்பு நகர் அறை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பெட்டி மேல இவன் உக்காந்திருக்கான். எப்படிப் போறது?"

ஏழு மணிக்கு இறங்கி வந்து இருபத்தைந்து கிராமையும் தின்றான்.