இமயம் இல்லாத வாழ்த்து மடல்

ஒக்கலிபுரம், பெங்களூர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஐரின் அக்காவுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் சுகம். ஷில்லாங் குளிரில் நீயும் சுகம் என்று போன மாதம் எழுதியிருந்தாய், அதை அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறோம். எப்போதும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இந்த முறை, 'நடந்தத நீயே எழுதுடி, நான் சொன்னா ஊர்க்கதையெல்லாம் உள்ள வந்துடும். நடுவுல நான் சொல்றத மட்டும் சேத்துக்கோ' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். முதலில் சேர்க்கச் சொன்னது இது: ஈரத் தலையோடு பூசைக்குப் போகாதே. கன்னியாஸ்திரி ஆகப் பயிற்சி எடுக்கிற அந்த நவதுறவகத்தில் கொடுத்த கம்பளி போதவில்லை என்றால் மதரிடம் வாய்விட்டுக் கேள்.

என் கண்ணில் முதலில் பட்டது ஒரு சின்ன விஷயம்தான். அடுகோடியில் நான் வேலை செய்யும் பிரிண்டிங் கடையின் கம்ப்யூட்டரில் பழைய வாழ்த்து மடல்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கின்றன. கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், பணி ஓய்வு, எதைத் திறந்தாலும் மூன்றாவது வரியில் அதே 'இமயமே' நின்றுகொண்டிருந்தது. பேரை மட்டும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். போன வருடம், நானும் ரயிலில் லேடீஸ் பெட்டியில் கடைக்கு வந்துபோன நாட்களில், ஜெயராமன் மாமாவுக்கு அப்படி மாற்றியது நான்தான். அப்பா தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோன மாரிக்குப்பம் வண்டியில், அவர் பெட்டியின் வழக்கம் உனக்குத் தெரியும்: யார் ரிட்டயர் ஆனாலும் கடைசி நாள் சாயங்கால வண்டியில் சால்வை போட்டு, ஃபிரேம் போட்ட மடலை, அவருக்கு முன்னால் ரிட்டயர் ஆனவர் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். ஜெயராமன் மாமாவை 'சூரியனே, இமயமே' என்று வாசித்த அன்று பெட்டியே சிரித்ததாம். அன்றிலிருந்து அவர் பேரே இமயம். ரிட்டயர் ஆன பிறகும் அவர் எப்போதாவது வண்டியில் ஏறினால், 'இமயம் வந்தாச்சா', 'இமயம், கொஞ்சம் நகந்து உக்காரு' என்று இன்றுவரை ஓயவில்லை. அப்பா அதையெல்லாம் பார்த்தவர். நாம் மே மாதம் மாரிக்குப்பத்துக்குப் பக்கத்துக் கோரமண்டல் வீட்டைக் காலி செய்து இங்கே வந்த பிறகும் அந்த நண்பர்கள் அவரை விடவில்லை, ரிட்டயர் அன்று நம்ம வண்டிக்கு வந்தே ஆகணும் என்று பிடித்துக்கொண்டார்கள். அப்பா என்னிடம், 'என்னைய அந்த மாதிரி சூரியன் கீரியன்னு ஆக்குனீங்க, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிப் போயிட்டே இருப்பேன்' என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் இறங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும். இருபத்துநாலு வருடம் ஒன்றாக வந்துபோனவர்களை விட்டு அப்படி ஒரு முகத்தோடு அவர் இறங்கக் கூடாது என்று எனக்கு ஒரே கவலை.

அந்த வாரம்தான் ஒரு டியூஷன் சென்டர் பத்தாம் வகுப்புத் தமிழ் நோட்ஸை டைப் அடிக்கக் கொடுத்தது. எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே என்ற பயத்தில் ஒன்பதோடு நின்றவள் நான், அந்தப் பாடம் வரைக்கும் போகவே இல்லை. அணி என்று ஒரு பகுதி இருந்தது. முதலில் பேர்களைப் பார்த்துப் பயந்தேன். டைப் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எல்லாம் நம் வீட்டிலேயே நடக்கிறது அக்கா. 'உன்கிட்ட ஆயிரம் தடவ சொல்லிட்டேன்' என்று அம்மா சொல்வது உயர்வு நவிற்சி. வீட்டு ஓனர் ஸ்ரீஹர்ஷாவைப் பற்றி அப்பா, 'என்னா தாராள மனசு பாரு, வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணி வுடறாரே' என்கிறாரே, புகழ்கிற மாதிரி திட்டுவது, அது வஞ்சப் புகழ்ச்சி. விருந்தாளி வந்த நேரம் பார்த்துக் கரண்டு போனால், 'நாம நாலு பேரோட சிரிச்சா இந்தக் கரண்டுக்குப் பொறுக்காது' என்று அம்மா சொல்வது தற்குறிப்பேற்றம்: தானாக நடப்பதன்மேல் நம் மனதில் இருப்பதை ஏற்றிச் சொல்வது. சூரியனைப் போன்றவர் என்றால் உவமை, 'போன்ற' போய் ஆளே சூரியன் ஆகிவிட்டால் உருவகம். இதை அம்மாவிடம் சொன்னேன். 'அப்ப நான் இத்தன நாளா இலக்கணமாத்தான் பேசிட்டிருந்தேனா' என்று அன்று முழுக்க அவளுக்கு ஒரே பெருமை.

கடைசியில் ஒன்று இருந்தது, தன்மை நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொல்வது, அவ்வளவுதான். அதுவும் ஓர் அணி என்று போட்டிருந்தது. ஒன்றும் சேர்க்காமல் சொன்னால் அதில் என்ன அழகு என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அப்பாவின் வண்டி நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில், அப்பாவிடம் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டேன். நேரில் என்றால் எனக்கு வாயே வந்திருக்காது. வந்ததை வைத்து எழுதினேன். தினமும் டிபனில் இரண்டு இட்லி கூடுதலாகக் கொண்டுவருவார், யாருக்கு என்று சொன்னதில்லை, ஒரு நாளும் திரும்பப் போனதும் இல்லை. மழையில் மூடாத ஜன்னலைச் சொந்த ஸ்பேனர் கொண்டுவந்து சரிசெய்தார். ரம்மியில் தோற்றால் மாலூர் வரை பேசமாட்டார். ஒரு நாள் காலையில் ஒரு கர்ப்பிணிக்கு மயக்கம் வந்தபோது, அந்தப் பெண்ணோடு பங்காருப்பேட்டையில் இறங்கி, அன்றைய வேலையை விட்டார்.

கடைக்காரர் பாலகுமார் அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, 'என்னம்மா, மடல் கேட்டா போலீஸ் ஸ்டேட்மெண்ட் குடுக்கற? ஒரு சிகரமாவது வேணாமா? அப்பாவுக்கு நாமளே கொறச்சலா செஞ்சா ஊரு என்ன சொல்லும்? நான் ரெண்டு போட்டுக்கறேன் வுடு' என்று மவுஸைப் பிடித்தார். நான் வேண்டாம் அண்ணா என்றேன். அவரிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மவுஸை விட்டுவிட்டார்.

நேற்று சாயங்காலம் அப்பாவோடு நானும் ஏறியிருந்தேன், வண்டி மாலூர் தாண்டியதும் ஜெயராமன் மாமா ஃபிரேமைக் கையில் எடுத்தார். நான் அவர் பக்கத்தில் போய், போன வருடம் உங்களை இமயம் ஆக்கியது நான்தான், மன்னித்துவிடுங்கள் மாமா என்று மெதுவாகச் சொன்னேன். 'அடிப்பாவி, நீதானா அது? எங்க வீட்டம்மாவே இப்ப அப்படித்தான் கூப்புடறா' என்று என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். அப்பா மடியில் பையை வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இட்லி வரி வந்ததும் ஒருவர், 'அதுல ஒண்ணு எனக்குத்தான்' என்றார். 'பொய் சொல்லாத, ரெண்டும் நீதான் துன்ன' என்றார் இன்னொருவர். ரம்மிக்குச் சிரித்தார்கள், ஆனால் அது போன வருடச் சிரிப்பு இல்லை அக்கா, அப்பாவும் சேர்ந்து சிரித்தார். பங்காருப்பேட்டை என்று வாசித்ததும் அப்பா எழுந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. 'பங்காருப்பேட்டை இல்லப்பா, டேக்கல்! பங்காருப்பேட்டைன்னா ஆட்டோ கெடச்சிருக்காதா? இதோ வருது பாரு, இதே பிளாட்பாரம். ஒரு ஆட்டோ இல்ல, பால் வண்டிய நிறுத்தி, கேன் நடுவுல அந்தப் பொண்ண ஒக்கார வெச்சி மாலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்' என்று தொடங்கி, வீட்டில் ஒரு நாளும் வாய் திறக்காத அந்தக் கதையை அடுத்த ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே சொன்னார். குழந்தை நன்றாகப் பிறந்ததாம். அம்மாவுக்கே அது நேற்றுத்தான் தெரியும்.

கீரையை அடுப்பில் ஏற்றப் போகிறேன், அதற்குள் எழுது என்கிறாள் அம்மா: வேளாவேளைக்குச் சாப்பிடு, அரிசிச் சோறு இல்லாவிட்டாலும் முகம் சுளிக்காதே, அடுத்த மாதம் முதல் ஞாயிறு போன் செய்யும்போது நிறுத்தி நிதானமாகப் பேசு, மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். அப்பா பக்கத்து வீட்டுக் குழாயைச் சரிசெய்யப் போயிருக்கிறார், அவர் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அப்பா உட்கார்ந்ததும் ஃபிரேம் கைமாறி என்னிடம் வந்தது. பின்பக்கத்து ஊக்குகளை விலக்கித் தாளை வெளியே எடுத்தேன். எதிர் சீட்டில் இருந்த அஷ்வின் அண்ணனிடம் பேனா கேட்டு வாங்கி, பங்காருப்பேட்டையை அடித்துவிட்டு, அதன் மேலே டேக்கல் என்று எழுதினேன்.

அம்மா கிரேஸ் சொன்னதையும் சேர்த்து எழுதிய
உன் தங்கை,
உதயா