கமீலாவுக்கு வரவேண்டிய வீடு

கல்முனை
12.07.1996

அன்பு மகன் றிபாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னைச் சிங்கப்பூரில் சுகமாக வைத்திருப்பான் என்று நம்புகிறேன், இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான் சரியில்லை.

உன் கடிதம் வந்த அன்று இருந்தவர்கள் நான், உன் தங்கச்சி சுபைறா, பக்கத்து வீட்டு முனவ்வறா, அவள் மகள் ஹுஸ்னியா, கூரைக்குக் கிடுகு பின்ன ஓலை கேட்டு வந்த கமீலா. வழமைபோல ஹுஸ்னியா எல்லாருக்கும் கேட்க உரத்து வாசித்தாள். நான் எழுத்துக்கூட்டி முதலில் பார்த்திருக்க வேண்டும், அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டேன். நான் அனுப்பிய மஸ்கற் இனிப்புப் பெட்டியை அங்கே வீட்டுக்குப் பேர் பதிகிற கந்தோரில் நீ நீட்ட, அந்த உத்தியோகத்தர் தொடாமல் மேலதிகாரியைக் கூப்பிட்டுப் புத்தகத்தில் எழுதி, உன் கையிலேயே திருப்பித் தந்து வரிசையில் நிற்கச் சொன்னதையும், பேர்களை ஒழுங்குப்படி சுவரில் ஒட்டியிருப்பதையும் அவள் வாசிக்க வாசிக்க எனக்குக் காது அடைத்தது. முனவ்வறா சும்மா இருப்பாளா, "இஞ்ச எண்டா பெட்டியோட கோழியும் கேட்டிருப்பானுகள் கா" என்று சிரித்தாள்.

உனக்கும் மறைத்துவிட்டேன் மகன். மூன்று வருசத்துக்கு முன் அரசாங்க வீட்டுக்குப் பேர் எழுதினபோது பட்டியல் போடுகிற விதானையார் வீட்டுக்கு இரண்டு சட்டி எருமைத் தயிரும் ஒரு சேவலும் கொண்டுபோனது நான்தான். சுபைறாவின் பேர் ஏறியது, கமீலாவின் பேர் விழுந்தது. புருசன் இல்லாதவள், மூன்று பிள்ளையோடு இன்னும் கிடுகுக்குள் நனைகிறாள். நான் அவளுக்கு ஓலை கொடுத்து நன்மை தேடினேன்.

எல்லாரும் போன பிறகு அவளிடம் சொன்னேன். ஓலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டே, "அது அண்டைக்கே தெரியும் ராத்தா, சேவல் எங்கட வளவால கத்திக்கொண்டுதானே போன" என்றாள்.

திங்கட்கிழமை இங்குள்ள கந்தோருக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுக்கப் போகிறேன், அடுத்த பட்டியலில் முதலில் அவளைப் போடுங்கள், அந்த நாட்டில் செய்கிறதுபோலப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள் என்று கேட்கப் போகிறேன். வீட்டைப் பறித்துவிடுவார்கள், ஊர் சிரிக்கும் என்று சுபைறா என்னோடு கதைக்கிறாள் இல்லை. சிரிக்கட்டும்.

நீ அந்த வரிசையை விட்டு விலகாதே, தொழுகையையும் விடாதே. அல்லாஹ் உனக்கு ஹலாலான கூரை தருவான்.

துஆவுடன் உன் உம்மா,
ஜுனைதா

விதானையாரைக்கூட ஒருநாள் மன்னிப்பேன் மகன். ஆனால் எல்லாம் தெரிந்தும் மூன்று பெருநாளைக்கு என் வாசலுக்கு வந்து ஸலாம் சொன்னவளை, ஒரு வார்த்தை ஏசாமல் என் ஓலையை வாங்கிப்போனவளை, மன்னிக்கவே மாட்டேன், அந்தக் கமீலாவை.