நாலு வரியில் படித்த கடிதம்

மங்காஃப், குவைத்
9.4.2006

அன்புள்ள மாரியம்மாளுக்கு,

சுகமாக ஊர் சேர்ந்தாயா? ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோகிற வண்டியிலிருந்து போன் செய்து, "டீச்சரம்மா, விசா புதுப்பிக்க எடுத்த மெடிக்கல்ல அன்ஃபிட்டுன்னு மட்டும் சொல்றாங்க, எனக்கு என்னதான் சீக்கு?" என்று கேட்டாய். அன்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து ஃபிளாட்டில் நீ வீட்டுவேலை பார்த்த மேடத்திடம் மூன்று முறை போய்க் கேட்டு, இப்போது அறிந்தேன். உட்கார்ந்துகொண்டு கேள். உன் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறதாம்.

என் பழைய பள்ளியில் வேலை பார்த்த ஓர் ஐரோப்பியருக்கும் இதே முடிவுதான் வந்தது. அவரை டாக்டர் தனி அறையில் உட்காரவைத்துச் சொன்னார். ரிப்போர்ட் கொடுத்தார். பெட்டி கட்டப் பத்து நாள் கிடைத்தது. உனக்கும், உன்னோடு அதே வண்டியில் ஏற்றிவிட்ட எத்தியோப்பியப் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு பேரைத் தேர்வு எழுதவைத்து, ஒருவருக்கு மட்டும் விடைத்தாளைக் காட்டுவது போல.

உன்மேல் தப்பில்லை. 2002இல் வந்தபோது ஃபிட். 2004இல் மூன்று மாத லீவில் ஊருக்குப் போனாய். இப்போது அன்ஃபிட். இதைப் படித்துக் காட்டும் உன் கணவர் சோலையப்பன் கோபப்பட வேண்டாம்; அவரும் பரிசோதித்துக்கொள்ளட்டும். மதுரை பெரியாஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். உடனே போ.

அன்புடன்,
சரோஜா டீச்சர்


மேலூர்
2.5.2006

மரியாதைக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

மாரியம்மாளுக்காக அவள் கணவன் சோலையப்பன் எழுதுவது. டாக்டர் பார்த்துவிட்டார். வெறும் ரத்தசோகைதான். டானிக் குடிக்கிறாள். குடும்பப் பெண்ணுக்கு இப்படியெல்லாம் எழுதுவது படித்தவர்களுக்கு அழகல்ல. இனிக் கடிதம் வேண்டாம்.

மாரியம்மாள் (கைநாட்டு)


மதுரை
18.6.2006

அன்புள்ள டீச்சரம்மா,

மூட்டுவலி எப்படி இருக்கு? நான் சொல்லச் சொல்ல, பெரியாஸ்பத்திரியில ஆலோசனை சொல்ற அகிலா எழுதுறாங்க.

உங்க கடிதத்தை அவர் நாலு வரியில படிச்சு முடிச்சிட்டார். நலமா, டானிக் குடி, இங்க வெயில், அன்புடன் சரோஜா. காகிதமோ ரெண்டு பக்கம். டீச்சரம்மா உதாரணம் சொல்லாம ஒரு நாளாவது பேச்சை முடிச்சிருக்காங்களான்னு சந்தேகம் வந்துச்சு. அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து, தையல்கடை ரஹீமா பீவிகிட்டக் கொடுத்தேன். அழுதுக்கிட்டே முழுசும் படிச்சாங்க. மறுநாள் அவங்கதான் என்னை இங்க கூட்டிட்டு வந்தாங்க.

ரத்தம் பார்த்தாச்சு. நீங்க எழுதினதுதான். இன்னும் தாமதிச்சிருந்தா கஷ்டம்னாங்க. மாத்திரை ஆரம்பிச்சாச்சு, தலை சுத்துது, சாப்பாடு இறங்கல.

அவர்கிட்டக் கேட்டேன். தனக்கு இந்தச் சீக்கு இருக்கிறது 2003லயே தெரியும்னார். "சொல்லியிருந்தா நீ லீவுக்கு வந்திருக்க மாட்டியே"ன்னார்.

அப்புறம் அவரோட பேச்சில்லை. அவருக்கும் இங்க வைத்தியம் பார்க்கச் சீட்டுப் போட்டுக் கொடுத்தேன், அது வேற. அந்த வீட்டுக்குத் திரும்பல. ரஹீமா பீவி கடையில பட்டன் தைக்கிறேன், அங்கேயே தங்கிக்கிறேன்.

உங்கமேலயும் எனக்குக் கோபம் இருக்கு, டீச்சரம்மா. என் உயிர் விஷயத்தை அவர் கையில அனுப்பிட்டீங்க. வேற வழியில்லைன்னு தெரியுது. ஆனாலும் ஆறல.

ஒண்ணு மட்டும் செய்யுங்க. அந்த ஃபிளாட்டுக்கு என் இடத்துல புதுசா ஒரு பொண்ணு வந்திருப்பா. அவளை மெடிக்கலுக்குக் கூட்டிட்டுப் போறப்ப நீங்களும் கூடப் போங்க. முடிவை அவ காதுக்கே சொல்லச் சொல்லிக் கேளுங்க.

இப்படிக்கு,
மாரியம்மாள்