சாயந்திரம் வெளியே போகும் செடி

மார்ச் 4

ஏழாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை நடத்தினேன். இலை வெயிலை வைத்துச் சமைக்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயு, வேரிலிருந்து தண்ணீர், கிடைப்பது சர்க்கரை. மிச்சமென்று வெளியே தள்ளுவதுதான் நாம் இழுக்கிற ஆக்சிஜன். வழக்கமாகத் துள்ளிக்கொண்டு சொல்லும் இடம். இன்று புத்தகத்தைப் பார்த்தே வாசித்து முடித்தேன். வீட்டில் இவர் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார்.

மார்ச் 6

இவர் கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது இருக்கட்டுமே என்று போன வாரம் ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடி வைத்தேன். அன்று பொழுது சாய்ந்ததும் அத்தை அதைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் வைத்துவிட்டார்கள்.

"வெளிச்சம் போனா செடியும் நம்மள மாதிரியே காத்தை இழுக்கும்னு நீதானே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறே? என் பிள்ளைக்கு இருக்கிறதே கொஞ்சம். அதுல இது வேற பங்குக்கு வரணுமா?"

"ஒரு தொட்டி என்னத்தை எடுத்துடப் போகுது அத்தை?" என்றேன். காதிலேயே வாங்கவில்லை. அன்றிலிருந்து முழங்கால் வலியோடு காலையில் உள்ளே, சாயந்திரம் வெளியே. தினமும் இதே கூத்து.

மார்ச் 11

இவர் கேட்டார்: "டீச்சரம்மா, எனக்கு மூச்சு விட எத்தனை செடி வேணும்?"

"நூத்துக்கணக்குல வேணும்."

"அப்ப கட்டிலுக்கு அடியில ஒரு காடு வளத்துடு."

சிரித்தார். சிரிப்பே இருமலாகி, அடங்கவே இல்லை. நான் ஆக்சிஜன் மெஷினின் குமிழைத் திருகிக்கொண்டு நின்றேன். வேறென்ன தெரியும் எனக்கு?

மார்ச் 15

காலையிலிருந்து மேகமூட்டம். இலைக்கும் இன்று வேலை குறைவு. இவர் சாப்பிடவில்லை.

மார்ச் 19

டாக்டர் தனியாகக் கூப்பிட்டார். "நாம எவ்வளவு குடுத்தாலும் நுரையீரல் வாங்கிக்க மாட்டேங்குதும்மா."

ஐயோ, இத்தனை படிச்சு என்னத்தைக் கிழிச்சேன்? பாழாப்போன இலை, வெயில் பட்டா தன்பாட்டுக்குச் செய்யுது. என்னால ஒரு மூச்சு — ஒரே ஒரு மூச்சு — செஞ்சு குடுக்க முடியலையே.

அத்தையிடம் சொல்லவில்லை. சாயந்திரம் அவர்கள் தொட்டியைத் தூக்கக் குனிந்தபோது மறுபக்கம் நானும் பிடித்தேன்.

மார்ச் 23

எழுத முடியவில்லை. விடியற்காலையில் இவர் மூச்சு நின்றுவிட்டது.

ஏப்ரல் 5

மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். அது ஓடிய இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

விளக்குப் போடும்போதுதான் பார்த்தேன், தொட்டி இன்னும் ஜன்னலோரமே இருந்தது. அத்தை மறந்துவிட்டார்கள் போல என்று தூக்கப் போனேன்.

"விடும்மா," என்றார்கள். "இனிமே உள்ளேயே இருக்கட்டும்."